அத்தானின் இரண்டு தீப்பெட்டி ஆபீஸ்கள்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இடைவேளை மணி அடித்ததாக நினைத்துக்கொண்டு பாதியில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். கடைசியில் பரீட்சை கிடையாது.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 87-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு செட். இப்போது நோட்டுப் புத்தகமும் அட்டைப்பெட்டியும் செய்கிறார். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"சார், எனக்கு மூணு கம்பெனி இருக்கு. ஒண்ணு என் பேர்ல, ஒண்ணு வீட்டுக்காரி பேர்ல, இன்னொண்ணு மாமியார் பேர்ல. நிஜத்துல மூணும் ஒண்ணுதான் சார். வருஷத்துக்கு ஒவ்வொண்ணும் நாலரைக் கோடி பில் போடுது. அஞ்சு கோடி தாண்டுனா இ-இன்வாய்ஸ், அது இதுன்னு வரும், இப்படியே இருங்கன்னு ஆடிட்டர் சொல்றார். புது மிஷினுக்கு லோன் வேணும்னா மூணையும் ஒண்ணாக்கி பேலன்ஸ் ஷீட் கொண்டு வாங்கன்னு பேங்க்ல சொல்றாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"ஏம்ப்பா, நான் வரலாறு வாத்தியார். இதை என்கிட்ட கேட்கிறியே?" என்றேன்.

"அதனாலதான் சார் கேக்கறேன். இந்தச் சட்டமெல்லாம் எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

அன்று பதில் சொல்லாமல் "ரெண்டு நாள் கழிச்சுப் பேசுறேம்ப்பா" என்று போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் இதே கேள்வியை 42 ஆண்டுகளுக்கு முன்னால் வேறொருவர் என்னிடம் கேட்டார். அன்று நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதில் இன்றுவரை உறுத்துகிறது. அந்தக் கதையைச் சொல்ல, முதலில் தீப்பெட்டியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் கந்தக பூமியில் தீப்பெட்டித் தொழில் வந்து நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. 1922-இல் ஆங்கிலேய அரசு, தன் கஜானாவை நிரப்புவதற்காக வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. குரோஸ் என்றால் 144 பெட்டி. அதுவரை ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்து குவிந்த தீப்பெட்டியின் விலை ஏறியது. இங்கேயே செய்தால் கட்டுபடியாகும் என்ற நிலை வந்தது. அதே 1922-இல்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். 1923-இல் சிவகாசியில் தொழிற்சாலை தொடங்கினார்கள். முதலில் இயந்திரம் வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். மழை பொய்த்த கரிசல் காட்டில் வேலை தேடும் கைகள் நிறைய இருந்ததால், கைவேலையே மலிவு என்று அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அதே 1923-இல் இன்னொன்றும் நடந்தது. வரிச்சுவரைத் தாண்ட முடியாத சுவீடன் தீப்பெட்டி நிறுவனம், சுவருக்கு உள்ளே வந்தே கம்பெனி தொடங்கிவிட்டது. அதுதான் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ. சென்னை மெட்ரோவில் விம்கோ நகர் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தப் பெயர் திருவொற்றியூரில் இருந்த அதன் தொழிற்சாலையால் வந்ததுதான். அந்தச் சுவீடன் குழுமத்தின் தலைவர் ஐவார் குரூகர் பல நாடுகளின் அரசுகளுக்கே கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோகத்தை எழுதி வாங்கியவர். அப்பேர்ப்பட்ட யானைக்கு முன்னால் சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் எறும்புகள்.

1934-இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. எல்லாருக்கும் ஒரே வரி என்றால் எறும்பு செத்துவிடும். எனவே பெரிய ஆலைக்குக் கூடுதல் வரி, சிறியதற்குக் குறைந்த வரி என்ற ஏற்பாடு வளர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு உற்பத்தி அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று வகுப்பே பிரித்தார்கள். நம் பள்ளிக்கூடத்தில் 'ஏ' செக்‌ஷன் என்றால் பெருமை. தீப்பெட்டியில் 'டி' செக்‌ஷன்தான் பெருமை, அதற்குத்தான் வரி குறைவு. விளைவு என்ன தெரியுமா? 'பி' வகுப்பில் இருந்தவர்கள் ஒரு தொழிற்சாலையை மூன்று நான்காக வெட்டி, மனைவி பெயரில், மைத்துனர் பெயரில், கணக்குப்பிள்ளை பெயரில் எழுதி, 'சி' ஆகவும் 'டி' ஆகவும் இறங்கினார்கள். பிறகு விதிகள் எத்தனையோ முறை மாறின. ஆனால் அடிப்படை அப்படியே இருந்தது. அளவு கூடினால் வரி கூடும். கையால் செய்தால் வரி குறைவு, மின்சாரத்தில் இயந்திரம் ஓட்டினால் வரி அதிகம்.

இது தீப்பெட்டியோடு நிற்கவில்லை. சிறு தொழிலை வேலி போட்டுக் காப்பது என்பது நாட்டின் கொள்கையாகவே ஆனது. 1955-இல் கார்வே குழு அறிக்கை தந்தது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பெரிய எஃகு ஆலைகளை அரசு கட்டும், மக்கள் புழங்கும் பொருட்களைச் சிறு தொழில் செய்யும், நிறையப் பேருக்கு வேலை கிடைக்கும் என்பது கணக்கு. 1967-இல் 47 பொருட்களைச் சிறு தொழில் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கினார்கள். 1977-இல் ஜனதா அரசு வந்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சர். 180 ஆக இருந்த பட்டியல் ஒரேயடியாக 500-ஐத் தாண்டியது. 1978-இல் 807. ஊறுகாய், பிரட், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, பூட்டு, பீரோ, எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடி வளையல், நோட்டுப் புத்தகம், தீப்பெட்டி, பட்டாசு எல்லாம் அந்தப் பட்டியலில்தான்.

சரி, சிறு தொழில் என்றால் எது? இயந்திரத்தில் போட்ட முதலீடு இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கோடு. 1966-இல் 7.5 லட்சம். 1975-இல் 10 லட்சம். 1980-இல் 20 லட்சம். 1985-இல் 35 லட்சம். 1991-இல் 60 லட்சம். கோட்டுக்குள் இருந்தால் சலுகை உண்டு, அந்தப் பொருளைச் செய்யவும் உரிமை உண்டு. நல்ல மிஷின் ஒன்று வாங்கிக் கோட்டைத் தாண்டினால் சலுகை போவதோடு, ஒதுக்கப்பட்ட பொருளாக இருந்தால் செய்யும் உரிமைக்கே சிக்கல் வரும்.

வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும்போது கலப்புப் பொருளாதாரத்தின் சாதனை என்று சொல்லித்தான் நடத்தினேன். பொய் சொல்லவில்லை. அந்த வேலி இல்லாவிட்டால் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, குடியாத்தம் பக்கம் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்திருக்காது. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

இனி எங்கள் குடும்பக் கதை.

என் அக்காவை சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் 1971-இல் தீப்பெட்டி ஆபீஸ் ஆரம்பித்தார். வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். நாற்காலி மேஜை எதுவும் கிடையாது. நீளமான ஓட்டுக் கொட்டகை. ஒரு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டை அடுக்குவார்கள். அதாவது சட்டத்தில் ஒவ்வொரு குச்சியாக இடைவெளி விட்டுச் செருகுவது. இன்னொரு பக்கம் மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கி, காய வைப்பார்கள். வஜ்ஜிரம் காய்ச்சும் வாடை தெரு முனைக்கே வரும். பெட்டி ஒட்டுவது வீட்டுக்கு வீடு நடக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் கலால் வரி கட்டியதற்கு அடையாளமாக பேண்ட்ரோல் என்ற மெல்லிய காகிதத்தை ஒட்ட வேண்டும்.

அத்தான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் மனக்கணக்கில் என்னையே தோற்கடிப்பார். சரக்கு நல்ல சரக்கு. மழைக்காலத்திலும் அவர் குச்சி நமுத்துப் போகாது என்று வடநாட்டு வியாபாரிகள் தேடி வாங்குவார்கள்.

1983-ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து நான்கு வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கலால் காகிதங்கள்.

"மாப்ளே, நீ படிச்சவன். இதப் பாத்துச் சொல்லு. ஆர்டர் வந்து குவியுது, என்னால குடுக்க முடியல. சிவகாசில மருந்து முக்குறதுக்கு மோட்டார் வச்ச மிஷின் ஒண்ணு பாத்தேன். அத வாங்கிப் போட்டு, ஆபீசப் பெருசாக்கலாம்னு நெனைக்கேன். வளந்தா என்ன ஆகும்?"

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். கணக்குப் போட்டேன். மோட்டார் வைத்தால் கைவேலைச் சலுகை போகும். அளவு கூடினால் வரி ஏறும். ஆட்கள் கூடினால் தொழிற்சாலைச் சட்டம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று ஒவ்வொன்றாக வரும். அன்று மின்சாரம் இல்லாத பட்டறையில் 20 பேர் என்றால் தொழிற்சாலைச் சட்டம் வரும், மின்சாரம் வந்துவிட்டால் 10 பேருக்கே வரும். அதனால்தான் எங்கள் பக்கம் நோட்டில் 19 பெயரும் கொட்டகையில் 40 தலையும் இருந்தன.

கணக்கு முடிந்ததும் அத்தானிடம் சொன்னேன். "அத்தான், பெருசாக்க வேண்டாம். மிஷினும் வேண்டாம். பக்கத்து நிலத்துல இன்னொரு கொட்டகை போட்டு, அக்கா பேர்ல இன்னொரு ஆபீஸ் ஆரம்பிங்க. ரெண்டுமே சின்னதா இருக்கும். வரி மிச்சம்."

அத்தான் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "படிச்ச மாப்ளன்னா படிச்ச மாப்ளதான்" என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். விண்ணப்பங்களையெல்லாம் நான்தான் எழுதினேன். அக்காவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்ததும் நான்தான்.

கணக்கில் தவறில்லை. முதல் வருடமே வரி மிச்சமானது. ஆனால் அந்தக் கணக்கில் நான் எழுதாமல் விட்ட வரிகள் சில உண்டு. அவை பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

ஒன்று, இரண்டும் ஒரே ஆளுடையது என்று தெரிந்தால் அதிகாரிகள் ஒன்றாகச் சேர்த்து வரி போடுவார்கள். அதனால் இரண்டு வாசல், இரண்டு மேஸ்திரி, இரண்டு கணக்கு நோட்டு, இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு லேபிள். நல்ல பெயர் எடுத்த லேபிள் ஒன்றிருக்க, யாருக்கும் தெரியாத இன்னொரு லேபிளையும் விற்க வேண்டும். தொழிலைக் கவனிக்க வேண்டிய மனிதர் பாதி நாளை அந்தப் பிரிவினையைக் காப்பாற்றவே செலவழித்தார்.

இரண்டு, பயம். ஒருமுறை அக்கா பெயருக்கே நோட்டீஸ் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே அக்கா அடுப்படிக்குள் போய்விடுவாள். 'ஓனர்' அவள்தான். ஆனால் என்ன சரக்கு போகிறது, எவ்வளவு வருகிறது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் கற்றுக்கொடுத்த கையெழுத்து மட்டும்தான் தெரியும்.

மூன்று, கடன். 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, சிறு தொழிலுக்குக் கடன் தர வேண்டும் என்று விதியும் வந்திருந்தது. ஆனால் எந்த வங்கியும் தொழிலைப் பார்த்துக் கடன் தருவதில்லை, பத்திரத்தைப் பார்த்துத்தான் தரும். இரண்டாக வெட்டிய தொழிலில் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் பாதி வியாபாரம்தான் தெரியும். பாதி வியாபாரத்துக்குப் பாதிக் கடன். மீதிக்கு அக்காவின் நகை அடகுக் கடைக்குப் போகும், அதற்கு மேலும் தேவைப்பட்டால் மீட்டர் வட்டி. ஈடில்லாக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் திட்டம் 2000-இல்தான் வந்தது.

நான்கு, வராத பணம். சரக்கை வடநாட்டுக்கு அனுப்பினால் மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துத்தான் பணம் வரும். பெரிய கம்பெனி என்றால் 'பணம் இல்லாமல் சரக்கு இல்லை' என்று சொல்லலாம். சின்ன ஆள் சொன்னால் வியாபாரி அடுத்த ஆபீசுக்குப் போய்விடுவார். தாமதத்துக்கு வட்டி கேட்கலாம் என்று 1993-இல் சட்டம் வந்தது. 2006 சட்டம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் நாளைக்கும் சரக்கு வாங்க வேண்டிய ஆள்மேல் எவர் வழக்குப் போடுவார்? அத்தான் ஒரு நாளும் போட்டதில்லை.

ஐந்தாவதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

மிஷின் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? மிஷின் செய்யாத வேலையை யாராவது செய்யத்தானே வேண்டும்? கட்டை அடுக்கவும் பெட்டி அடைக்கவும் சின்ன விரல்தான் வேகம் என்பார்கள். 80-களில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். தூக்குச் சட்டியோடு பிள்ளைகள் ஏறிப் போகும். நான் வருகைப் பதிவேட்டில் 'ஆ' போடுவேன். தொடர்ந்து ஒரு மாதம் 'ஆ'. பிறகு பெயரை அடித்துவிடுவோம்.

1985 என்று நினைவு. ஏழாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி வரவில்லை. வரைபடத்தில் ஆறுகளை என்னைவிட அழகாகப் போடுவாள். ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனவன், அத்தானைத் தேடி இரண்டாவது ஆபீசுக்குள் போனேன். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தில் எழும்பிய கொட்டகை. வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றாள், வகுப்பில் சொல்வது போலவே. கையில் பாதி அடுக்கிய கட்டை.

அத்தானிடம் சண்டை போட்டேன். "நான் அனுப்பிட்டா பக்கத்து ஆபீசுக்குப் போவா மாப்ளே. அவ அப்பன் அட்வான்ஸ் வாங்கியிருக்கான்" என்றார். அந்த அட்வான்ஸை நான் கொடுத்து, அவளைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்து வந்தேன். எட்டாம் வகுப்பு முடித்தாள். அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்று தெரியவில்லை. ஒருத்தியை அழைத்து வந்தேன், அவ்வளவுதான். அந்த வரிசையில் மற்றவர்களும் இருந்தார்கள்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தயாரிப்பில் 14 வயதுக்குக் கீழ் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தாரே நடத்தும் பட்டறைக்கு விலக்கு இருந்தது. வீட்டில் பெட்டி ஒட்டும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் படவில்லை. சிவகாசி பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. அதன் பிறகுதான் வண்டிகள் குறைந்தன. சத்துணவும், ஊருக்கு ஊர் பள்ளியும், பெற்றோரின் மனமாற்றமும் சேர்ந்து மீதியைச் செய்தன.

இதை ஏன் தொழில் வரலாற்றில் சொல்கிறேன் என்றால், சிறியதாகவே இருக்கும் தொழில் யாரோ ஒருவருடைய முதுகில்தான் நிற்கிறது. மிஷினுக்குப் போகாத பணம் கூலியைக் குறைத்துத்தான் ஈடாகும். அரசு நினைத்தது நிறையப் பேருக்கு வேலை. கிடைத்தது நிறையப் பேருக்கு, என்றைக்கும் உயராத கூலியில் வேலை.

சட்டங்கள் மேல் மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. தொழிலாளர் சட்டம் இல்லாத பெரிய தொழிற்சாலை என்ன ஆகும் என்பதற்குப் பங்களாதேஷைப் பாருங்கள். நம் நாட்டில் சட்டை தைப்பது 2000 வரை சிறு தொழிலுக்கு ஒதுக்கியது. பனியன் முதலான பின்னலாடை 2005 வரை. அதே காலத்தில் பங்களாதேஷில் ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோர் தைக்கும் ஆலைகள் எழுந்தன. பெரிய ஆர்டர்கள் அங்கே போயின. இன்று ஆயத்த ஆடை ஏற்றுமதியில் அவர்கள் நமக்கு முன்னே இருக்கிறார்கள். ஆனால் 2013-இல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வளர்ச்சியைத் தடுக்காமலும் தொழிலாளியைக் கைவிடாமலும் இருக்க வேண்டும் என்றால், சட்டம் ஆளைக் காக்க வேண்டும், அளவைக் காக்கக் கூடாது. நம் நாடு 50 ஆண்டு அளவைத்தான் காத்தது.

அந்த வேலியையும் அரசே பிரித்தது. 1991-இல் தாராளமயம் வந்தது. 1997-இல் ஆபித் உசேன் குழு ஒதுக்கீட்டையே கைவிடச் சொன்னது. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியல் சுருங்கி, 2015 ஏப்ரலில் கடைசி 20 பொருட்களும் நீக்கப்பட்டன. அந்தக் கடைசி இருபதில் தீப்பெட்டியும் உண்டு, நோட்டுப் புத்தகமும் உண்டு.

அத்தான் அதைப் பார்க்க இல்லை. 2000-க்குப் பிறகு மருந்து முக்கும் மிஷினும், பிறகு முழுவதும் இயந்திரத்திலேயே ஓடும் ஆலைகளும் எங்கள் பக்கம் வந்தன. அவர் 1983-இல் ஆசைப்பட்ட அதே மிஷினின் பேரப்பிள்ளைகள். அவற்றோடு போட்டி போட இரண்டு ஆபீசிலும் தெம்பில்லை. 2008-க்குப் பிறகு மின்வெட்டு வேறு. முதலில் அக்கா பெயரில் இருந்ததை மூடினார். மறு வருடம் தன்னுடையதையும் மூடினார். மூடிய அன்று என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அன்னிக்கே அந்த மிஷின வாங்கிருக்கலாம், இல்ல மாப்ளே?" குற்றம் சொல்லும் குரலில்லை. நிஜமாகவே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாங்கியிருந்தால் ஜெயித்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைய வரியில் மிஷினோடு தோற்றும் போயிருக்கலாம். ஆனால் அவர் என்னிடம் கேட்டது "வளந்தா என்ன ஆகும்?" என்று. நான் அதற்கு மட்டும் கணக்குப் போட்டேன். வளராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கைப் போடும்படி சட்டமும் சொல்லவில்லை, ஆடிட்டரும் சொல்லவில்லை, படித்த மாப்பிள்ளையும் சொல்லவில்லை.

இப்போது என் மாணவருக்கு வருகிறேன். நேற்று அவருக்குப் போன் செய்து சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இதே நிலையில் உங்களில் இன்னும் பலர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, உங்க அப்பா காலத்துக் கோடு இப்ப இல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனம்னா முதலீடு 25 கோடி வரைக்கும், விற்றுமுதல் 100 கோடி வரைக்கும். உன் மூணையும் கூட்டினாலும் 14 கோடிகூட வராது. குறு நிறுவனத்துலேருந்து சிறு நிறுவனத்துக்குப் போவ, அவ்வளவுதான். ஒரு படி ஏறினாலும் வரி சாராத சலுகைகள் மூணு வருஷத்துக்குத் தொடரும்னு 2022-லயே அறிவிச்சிருக்காங்க. உன்கிட்ட வாங்கினவன் 45 நாளுக்குள்ள பணம் தரலைன்னா, பணம் குடுக்கற வருஷத்துலதான் அவன் அதைச் செலவாக் காட்ட முடியும்னு வருமான வரிச் சட்டத்துல 2024-லேருந்து விதி வந்திருக்கு. அது குறு நிறுவனத்துக்கும் உண்டு, சிறு நிறுவனத்துக்கும் உண்டு. கோட்டுக்குப் பயந்து மூணா இருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் போயிருச்சு. மிச்சம் இருக்கறது பழக்கம்தான்."

"அப்போ ஒண்ணாக்கிரவா சார்?" என்றார்.

"அதை நான் சொல்ல மாட்டேன். ஒருதடவை சொல்லி மாட்டிக்கிட்டவன் நான். உன் ஆடிட்டர்கிட்ட ரெண்டு கணக்குக் கேளு. வளர்ந்தா எவ்வளவு செலவுன்னு ஒண்ணு. வளராம இருந்தா அஞ்சு வருஷத்துல எவ்வளவு நஷ்டம்னு இன்னொண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. இன்னொரு விஷயம். உன் வீட்டுக்காரியும் மாமியாரும் எதுல கையெழுத்துப் போடறாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா? முதல்ல அதை உட்கார்ந்து சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இல்ல சார், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அக்காவுக்கு இப்போது 78 வயது. இந்தப் பதிவை எழுதும் முன் அவளிடம் கேட்டேன், ஆபீஸ் கதையை எழுதட்டுமா என்று. "எழுது, எழுது. ஆனா ஓனரம்மான்னு போடு" என்று சிரித்தாள். போட்டுவிட்டேன் அக்கா.

தொழில் செய்யும் என் பிள்ளைகள், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எந்த இடத்தில் நின்றீர்கள், எதனால் நின்றீர்கள் என்று எழுதினால், வருகிறவர்களுக்கு உதவும். அந்த ஏழாம் வகுப்புப் பெண், இப்போது பேரன் பேத்தி எடுத்திருக்கலாம், தற்செயலாக இதைப் படித்தால் ஒரு வரி போடம்மா. நீ வரைந்த வைகையும் தாமிரபரணியும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்